புதைத்த பனியன்

அவள் கொத்தியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது நாத்தனார் போனில் அழைத்தாள். "அண்ணி, சீக்கிரம் வந்துடுங்க. அண்ணன் உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

வருவதாகச் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தாள். எரிந்த காட்டில் மண் உயிர் பெறுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பருத்தித் துணியைப் புதைத்து, மழைக்காலம் முடிந்ததும் தோண்டிப் பார்ப்பார்கள். உயிருள்ள மண் துணியைத் தின்றுவிடும். செத்த மண் அப்படியே திருப்பித் தரும். ஆய்வுக்கூடத்துத் துணி போதாமல் போனபோது, கணவன்தான் தன் பழைய பனியனை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தான். "என் வேர்வையோட போடு. மண்ணு உப்பில்லாம தின்ன வேண்டாம்."

பனியனின் முன்பக்கத்தை, நெருப்பு மட்டும் கடந்துபோன மேட்டில் புதைத்தாள். பின்பக்கத்தை, கரிந்த மரங்களை இழுத்துப்போன வண்டியின் சக்கரத் தடத்தில். அந்த வண்டியை ஓட்டியது அவன்தான். மண் நசுங்கிச் செத்துவிடும், போக வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். போனான். அப்புறம் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எந்தப் பாதி எங்கே புதைந்திருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும்; படுக்கையில் விழுந்த பிறகு அவன் விசாரித்ததெல்லாம் பனியனைப் பற்றித்தான்.

மேட்டில் கழுத்துப் பட்டி மட்டும் மிஞ்சியிருந்தது. அதிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழைகள். தடத்தில் கொத்தி பாறையில் பட்டதுபோல் எகிறியது. அங்கே துணி முழுசாக வந்தது.

வீட்டில் அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க தடத்துல போட்டது. எப்படித் தின்னிருக்கு பாருங்க."

அவன் விரல் பட்டியின் வளைவோடு மெல்ல ஊர்ந்தது. நன்றாக இறங்கிய வளைவு.

"இது முன்பக்கமாச்சே."

அவள் தலையணையைச் சரிசெய்தாள்.

"இன்னொன்னு முழுசா இருக்கா?"

தண்ணீர் எடுத்து வருவதாக எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பிறகு யாரிடமும் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முகம் துடைக்க மெத்தென்று ஒரு துணி வேண்டும் என்றாள் நாத்தனார். அலமாரியில் துண்டுகள் மடித்தபடி இருந்தன. அவள் தன் பையைத் திறந்து, தடத்தில் தோண்டியதை எடுத்தாள். அலச அலச மண் போய்த் துணி வெளுத்தது. நெற்றி, கன்னம், காதுக்குப் பின்புறம் எல்லாம் நிதானமாகத் துடைத்தாள்.

"நல்ல துணியா இருக்கே அண்ணி. புதுசா?"

அவள் அதைப் பலங்கொண்ட மட்டும் பிழிந்தாள். ஓர் இழைகூட நையவில்லை.