ரெண்டு கையும் பட்டன் மேல

வெள்ளைச் சுடிதார் போட்டு, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, சடையப்பன் கழனி வரப்பில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர்கள் முழுகி எழுந்ததும் என் முறை. எங்கள் சபை என்பது கும்மிடிப்பூண்டியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஹால். அங்கே ஞானஸ்நானத் தொட்டிக்கெல்லாம் இடம் ஏது? யாருக்காவது ஞானஸ்நானம் என்றால் சபையே ஷேர் ஆட்டோக்களில் அடைந்துகொண்டு தேர்வாய் கண்டிகைப் பக்கம் இருக்கிற இந்தப் பம்புசெட்டுக்கு வந்துவிடும். சடையப்பன் சபைக்காரர் இல்லை. நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்ப்பார். தொட்டியில் சோப்பு போடக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே சட்டம். அவருடைய கிழட்டு டீசல் என்ஜின் டுக்கு டுக்கு டுக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குழாயிலிருந்து தொட்டியில் விழுந்து, வாய்க்கால் வழியாகப் புதிதாக நட்ட நாற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீரில் இறங்கும் முன் ஒவ்வொருவரும் சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று மைக்கில் சபைக்குச் சொல்வது. சாட்சியை யாரும் குறுக்கே பேசி நிறுத்தக் கூடாது. ஆனால் சிலர் மைக்கைப் பிடித்தால் மாமியார் கதை, நாத்தனார் கதை என்று இழுத்துக்கொண்டே போவார்கள். அதற்கு எங்கள் பாஸ்டர் அன்புசெல்வன் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒரு விரலை லேசாகத் தூக்குவார். கீபோர்டில் இருக்கும் அந்தோணி அண்ணன் உடனே ஒரு கோரஸை ஆரம்பிப்பார். சபை எழுந்து கை தட்டிப் பாடும். சாட்சி சொன்னவர் அசடு வழிய "ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்துவிடுவார். பேச்சை யாரும் நிறுத்தவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். துதி வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்தச் சாமர்த்தியத்தை நானும் பலமுறை ரசித்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த விரல் எனக்காகத் தூக்கப்படும் என்று தெரிந்துதான் வரிசையில் நின்றேன்.

ஏனென்றால் நான் ராப் பாடுகிறவள்.

அதை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பிரஸ் மிஷின் கற்றுக்கொடுத்தது என்றால் சிரிப்பீர்கள். கம்பெனியில் எனக்குப் பிரஸ்ஸில் வேலை. இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். உள்ளே கை மாட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. டக், சீ. டக், சீ. ஷிஃப்ட் முழுக்க அதே தாளம். அம்மா செத்துப்போய், காரியம் முடித்து வேலைக்குத் திரும்பிய நாளில் அந்த மிஷின் முன்னால் நின்றுகொண்டு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் லைன் நின்றுபோகும். லைன் நின்றால் சூப்பர்வைசர் வருவான். கையை எடுக்காமல் வாய்க்குள்ளேயே அம்மாவைக் கூப்பிட்டேன், திட்டினேன், கேள்வி கேட்டேன். அந்தப் பேச்சு தானாகவே டக்குக்கும் சீக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

அந்த வாரம் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் காயத்ரி வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். அழுவதற்கென்று ஓர் இடமா என்று ஆச்சரியமாக இருந்தது. அழுது தீர்த்த பிறகும் போனேன். நான் பேசுவதை யாரோ கேட்கிறார் என்று ஒரு நிச்சயம் வந்திருந்தது. என் விசுவாசம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு மிஷினில் நின்று அவரிடமே பேசினேன்.

கூப்பக் கையில்ல, ரெண்டும் பட்டன் மேல,
கும்புட்டதெல்லாம் என் நாக்கு நுனி மேல.
மண்டி போட எடமில்ல, லைன் ஓடுது சாமி,
நின்னுக்கினே கேக்கறேன், மொகத்தக் காமி.

இதை வாலிபர் கூட்டத்தில் ஒரு நாள் பாடிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பெஞ்சில் தட்டித் தட்டிக் கை சிவந்துவிட்டது. எவனோ வீடியோ எடுத்து வாட்ஸப்பில் விட்டான். பாஸ்டர் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சிஸ்டர், இது உலகப் பாட்டு. கையை இப்டி இப்டி ஆட்டிக்கினு, சினிமாக்காரங்க மாதிரி. ஆண்டவர்கிட்ட பேசற மரியாதையா இது?"

"மரியாதையா பேசறவங்க சபையில நெறைய பேரு கீறாங்க பாஸ்டர். நான் எனக்கு வர்ற மாதிரி பேசறேன்."

"சாமின்னு வேற சொல்றே. ஆண்டவர்னு சொன்னா இன்னா?"

"பீட்ல ஒக்கார மாட்டேங்குது பாஸ்டர்."

சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்த பாஸ்டரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். அதனால்தான் அவர் சொன்னது அப்படிச் சுட்டது.

"ஞானஸ்நானம் வேணும்னா நான் சொல்லிக் குடுத்த சாட்சியைச் சொல்லு. இருட்டுல இருந்தேன், எங்க குடும்பமே பிசாசு கட்டுல இருந்துச்சு, ஆண்டவர் மீட்டார். ஒரு நிமிஷ வேலை. ராப்பு கீப்பு எதுவும் வேணாம். முடியாதுன்னா இப்ப உனக்கு இல்ல, அப்பால பாக்கலாம்."

குடும்பம் என்றால் யார்? திருப்பாச்சூர் பக்கத்தில் நெல் போடுகிற என் அப்பா மணவாளன், எனக்கு நைனா. அப்புறம் செத்துப்போன அம்மா. அம்மாவை நான் பிசாசுக் கட்டு என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து கால் விளங்காமல் போனபோது, அமாவாசைக்கு அமாவாசை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருவள்ளூர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தவளை. வெல்லம் கரைகிற மாதிரி பிள்ளை நோவு கரையட்டும் என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று கும்பிட்டவளை. அது இருட்டு என்றால் வெளிச்சம் எப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நைனாவுக்குப் போன் செய்து ஞானஸ்நானம் எடுக்கப்போவதைச் சொன்னேன். 

"உங்கம்மா போனதுக்கப்பால நீ சிரிச்சி நான் பாக்கல. அங்க போயி சிரிக்கிறேன்னா போ, எனக்கின்னா. ஆனா உங்க சபை யூடியூப்ல ஒரு பொம்பள பேசனத கேட்டேன். பெத்தவங்கல்லாம் பிசாசாம். நீ உங்கம்மாவ அப்டி சொன்னேன்னு என் காதுல வுழுந்துச்சு, அப்பால இந்த ஊட்டு வாசப்படி ஏறாத."

"சொல்ல மாட்டேன் நைனா."

"சொல்லலன்னா அவுங்க எப்டி வுடுவாங்க?"

 சொன்னால் வீடு இல்லை, சொல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. ஹாஸ்டல் கட்டிலில் புரண்டு புரண்டு யோசித்ததில் ஒன்றுதான் தெளிவாக வந்தது. நான் ஏன் ஒன்றை விட வேண்டும்? இரண்டும் என்னுடையது. எனக்கு இரண்டும் வேண்டும். ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தேன்; சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்வேன் என்று பாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

கணவனும் மனைவியும் ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்தார்கள். பாஸ்டர் தொட்டியில் மார்பளவு தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என்ஜின் கொட்டகைக் கம்பத்தில் கட்டியிருந்த செல்போனில் சபை யூடியூப்பில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. நைனா இந்நேரம் யார் வீட்டுப் போனையாவது வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாஸ்டரம்மா மைக்கை என் கையில் கொடுத்தார்.

"ஸ்தோத்திரம். எம் பேரு திலகவதி. எங்க நைனா பேரு மணவாளன். எங்கம்மா பேரு ஜானகியம்மாள்."

என்ஜினைக் காது கொடுத்துக் கேட்டேன். பிரஸ்ஸை விடக் கொஞ்சம் வேகம். கால் தானாகத் தட்டியது. ஆரம்பித்தேன்.

இருட்டுல இருந்தேன்னு சொல்லச் சொல்றாங்க,
எங்கம்மா ஏத்துன வெளக்க யாரு பாத்தாங்க?
அமாவாசைக்கி அமாவாச கையில வெல்லம்,
கொளத்துல கரைச்சா எம் பேரச் சொல்லிச் சொல்லி.

பாஸ்டரின் விரல் மேலே வந்தது. அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். அவர் பிறப்பால் கத்தோலிக்கர். அவர்கள் கோயிலில் கீபோர்டுக்கு ஆள் ஜாஸ்தி என்பதால் எங்களுக்கு வாசிக்க வருகிறவர், வம்புதும்புக்குப் போகாதவர். கோரஸை ஆரம்பித்தார். சபை எழுந்து கை தட்டிப் பாடியது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், வழக்கமாகச் சிரிக்கிற நல்ல சிரிப்புதான். உட்காரம்மா, ஆச்சு, என்கிற சிரிப்பு.

நான் உட்காரவில்லை. யாரோ ஸ்பீக்கரில் மைக் சத்தத்தைக் குறைத்தார்கள். மைக்கைப் பாஸ்டரம்மாவிடமே கொடுத்துவிட்டேன். பிரஸ் ஷாப்பில் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட வேண்டுமென்றால் எப்படிக் கத்துவோம் தெரியுமா? அந்தத் தொண்டையை எடுத்தேன். கோரஸுக்கும் எனக்கும் தாளம் வேறு. அவர்களுக்குக் கீபோர்டு இருந்தது, எனக்கு என்ஜின் இருந்தது.

பாஸ்டருக்கு அது புரிந்துவிட்டது. வரப்புப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, என்ஜினக் கொஞ்சம் நிறுத்துங்களேன். பேஜாரா கீது."

சடையப்பன் அசையவில்லை. "நாத்துக்குத் தண்ணி பாயுது பாஸ்டர். அதெல்லாம் நிறுத்த முடியாது. பொண்ணு பாடட்டுமே, நல்லாத்தானே பாடுது."

கோரஸ் இரண்டு சுற்று வந்து முடிந்தது. பாஸ்டர் மறுபடியும் விரலைத் தூக்கினார். அந்தோணி அண்ணன் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்துத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார். பாட்டு நின்றுவிட்டது, ஆனால் கை தட்டுகிறவர்கள் உடனே நிறுத்தவில்லை. ஆராதனையில் தட்டித் தட்டிப் பழகிய கைகள், பாட்டு போனதைக் கவனிக்காமல் கிடைத்த சத்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டன. கிடைத்தது என்ஜின்தான். சபை முழுக்க டுக்கு டுக்குக்குக் கை தட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஒரு பீட் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில்லை.

காச்சல் எறங்குச்சு, காலு நடந்துச்சு,
அவ அழுத கண்ணீர எந்தக் கை தொடச்சுச்சு?
நீதான்னா சொல்லு, நான் சண்டைக்கி வரல,
எங்கம்மா கும்புட்டது பொய்யின்னு ஆவல.
அவ தூக்கியாந்த புள்ளதான் உன்கிட்ட வந்துருக்கேன்,
பாதி வழி அவ நடந்தா, மீதிய நான் நடந்தேன்.

"ஆமென்!" என்றது முன்னால் நின்ற ஒரு கிழவியின் குரல். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார். சாட்சிக்கு ஆமென் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், பாவம். கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது.

"சிஸ்டர்" என்றார் பாஸ்டர். குரலில் கோபத்தை விட வருத்தம்தான் இருந்தது. "இன்னிக்கி உனக்கு இல்ல. போய் ஒக்காரு."

"நான் சொன்னதுல எது பொய் பாஸ்டர்?"

"பொய்யின்னு நான் சொல்லல. சாட்சி இப்டி இல்ல."

"எனக்கு அவரு செஞ்சத நான்தான் சொல்லணும். நீங்க சொல்லிக் குடுத்தா அது உங்க சாட்சி."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியின் உள்படியில் ஏறினார். அவர் வெளியே வந்துவிட்டால் ஞானஸ்நானம் முடிந்தது என்று அர்த்தம். பாய்களைச் சுருட்டுவார்கள், பொங்கல் பொட்டலம் கொடுப்பார்கள், எல்லாரும் ஆட்டோ ஏறுவார்கள்.  செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டேன். தொட்டிச் சுவரில் ஏறி உள்ளே குதித்தேன்.

தண்ணீர் சில்லென்று மார்புக்கு வந்தது. மண் வாசனையும் டீசல் வாசனையும். தானாக முழுகி எழுந்தால் அது ஞானஸ்நானம் ஆகாது, வெறும் குளியல். அது எனக்குத் தெரியும். ஒரு கை பின்னந்தலையைப் பிடிக்க வேண்டும், ஒரு கை சாய்க்க வேண்டும். அதனால் முழுகவில்லை. மற்றவர்கள் எப்படி நின்றார்களோ அப்படியே இரண்டு கையையும் மார்பின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவும் இந்த மாதிரித் தண்ணீரில்தான் எனக்காக நின்றிருப்பாள். கம்பத்தில் கட்டிய போனை யாரும் அணைக்கவில்லை. அதைப் பார்த்து, நைனா பார்க்கட்டும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

"மேல ஏறு சிஸ்டர்" என்றார் பாஸ்டர்.

"நீங்க எறங்குங்க பாஸ்டர். நான் நிக்கறேன்."

குழாய்த் தண்ணீர் என் தோளில் விழுந்து தெறித்தது. என்ஜின் அடித்துக்கொண்டிருந்தது. நான் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். பாஸ்டர் உள்படியில் நின்றிருந்தார். அவருடைய ஒரு கால் படிக்கு மேலே இருந்தது, ஒரு கால் இன்னும் தண்ணீருக்குள் இருந்தது.