அழுகுணி ஆட்டம்

கள்ளாட்டம் ஆடியவர்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது எங்கள் வீட்டில் ஒருவரின் போன் எண்.

நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. மருத்துவமனைக்கு எதிரேயுள்ள அகலச் சாலையில், நடப்பவர்களுக்கு சிக்னல் வேண்டுமா என்று அறிய, போனில் ஆடும் விளையாட்டு ஒன்றை அமைத்திருந்தேன். போனோடு சாலையோரம் போய் நின்றால் வரைபடத்தில் கொடி ஏறும். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தால் இரட்டைப் புள்ளி. ஒரே ஓரத்தில் மூன்று முறைக்கு மேல் கொடி ஏற்றிவிட்டுக் கடக்காமல் திரும்புகிறவர் புள்ளிக்காக ஏமாற்றுகிறவர், அவரை நீக்கிவிடு என்று விதி எழுதியதும் நான்தான். நீக்கியது போக மிஞ்சியவர்கள் எல்லாரும் கடந்திருந்தார்கள். சிக்னல் தேவையில்லை என்று மறுநாள் கூட்டத்தில் முடிவாக இருந்தது.

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது என் கணவரின் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, நாப்பத்தோரு தடவை அழுகுணி ஆட்டம் ஆடியிருக்கீங்க?"

"ஆமா, இந்த வயசுல எனக்குக் கோப்பை ஒண்ணுதான் குறைச்சல். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வண்டிக்காரன் விட்டாத்தானே? கால் மணி நேரம் நிப்பேன். முட்டி வலிச்சா திரும்பிடுவேன்."

"ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குப் போனேன்னு சொன்னீங்களே?"

"போனேன்னுதானே சொன்னேன். போய்ச் சேந்தேன்னு சொன்னேனா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான், 'மூணு மாசமாகியும் கால் சரியாகலைன்னா நீங்க ஒழுங்கா பயிற்சி பண்றதில்லை' என்று அவரிடம் சொல்லியிருந்தேன். வீட்டில் சொன்ன அதே தீர்ப்பைத்தான் அலுவலகத்தில் விதியாக எழுதியிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. போக முடியாதவர் மேலேயே பழி.

காலையில் முதல் வேலையாக அந்த விதியை நீக்கினேன். வரைபடத்தில் சாலையின் ஓர் ஓரம் முழுக்கக் கொடிகளால் சிவந்தது. முந்நூற்று எண்பத்தாறு பேர் வந்து நின்று திரும்பியிருந்தார்கள்.

ஒன்பது வருடமாகக் கூட்டங்களில் வரைபடத்தை மாட்டிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். அன்று மாட்டிய இடத்திலேயே நின்றேன்.

"கடைசி நேரத்துல விதியை மாத்தினா அது என்ன ஆட்டம்மா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"விதி தப்பு சார். நான் எழுதின தப்பு. கடந்தவங்களை மட்டும் எண்ணிட்டு, கடக்க முடியாதவங்களைத் திருடங்கன்னு ஒதுக்கிட்டேன். முதல் திருடி என் நாத்தனார்."

சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. நாற்பத்தோரு முறையையும் சொன்னேன். ஆணையர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஃபைலை மூடினார்.

"வாங்க, நாமளும் ஒரு கொடி ஏத்திட்டு வருவோம்."

எட்டுப் பேர் வெயிலில் அந்த ஓரத்தில் நின்றோம். தலைமைப் பொறியாளர் காலைக் கீழே வைப்பார், பேருந்து உறுமும், துள்ளி மேலே ஏறுவார். நான்காவது துள்ளலில் கண்ணாடி நழுவி விழுந்தது. பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"சரி, நானும் அழுகுணிதான். சிக்னலைப் போடுங்க," என்றார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஐந்து வாரத்தில் சிக்னல் வந்தது. முதல் நாள் அண்ணியோடு நானும் போனேன். பச்சை விழுந்ததும் அவர் இறங்கிவிட்டார். நடுச்சாலையில் நின்று, காத்திருந்த பேருந்து ஓட்டுநரை ஒரு பார்வை பார்த்து, கைப்பையை நிதானமாகத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அந்த நடையைப் பார்த்துக்கொண்டே நான் கடக்க மறந்துபோனேன். மறுபடி சிவப்பு விழுந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து போன் அடித்தது.

"எனக்கு இரட்டைப் புள்ளி ஏறிடுச்சு. நீ என்ன அங்கயே நிக்கிறே? மூணு தடவைக்கு மேல நின்னா பட்டியல்ல எழுதிடுவாங்க. வா."