கொழுந்துக்கு மட்டும்

நான் ஊர்காவற்றுறையான். பதினாறு வயதிலிருந்து தீவுப் பகுதியில் மோட்டார் வள்ளம் ஓட்டியவன். அறுபத்தைந்தாம் ஆண்டு, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மோட்டார் போட் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, மலையில் போட் எதற்கு என்று சிரித்தேன்.

வந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மின்சாரம் எடுப்பதற்காக ஆற்றை மறித்து அணை கட்டியிருந்தார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீர். தேயிலை அரைக்கும் ஸ்டோர், டிஸ்பென்சரி, ஹட்டன் பஸ் ஓடும் ரோட்டு எல்லாம் ஒரு கரையில். கீழ்ப்பிரிவு என்று சொல்லும், தொழிலாளர் குடியிருந்த நான்கு லயங்கள் மட்டும் மறுகரையில் தனியாக ஒதுங்கிவிட்டன. முன்பு ஆற்றின் மேலே ஒரு தொங்குபாலம் இருந்ததாம். ஜனங்கள் பேசிக்கொண்டே நடந்து ஸ்டோருக்கு வந்துவிடுவார்களாம். அந்தப் பாலம் இப்போது தண்ணீருக்கடியில். டிஸ்பென்சரிக்கு வரவேண்டுமென்றால் ஏரியின் தலைப்பைச் சுற்றி ஒன்பது மைல் நடக்கவேண்டும். அதில் பாதி, மழை பெய்தால் சறுக்கிவிடும் ஒற்றையடிப் பாதை.

சுற்றுப்பாதையை அகலமாக்கித் தருவோம் என்று அணை கட்ட வந்தவர்கள் சொன்னார்களாம். தோட்டத்தாரும் சொன்னார்களாம். ஒரு மண்வெட்டிகூட விழவில்லை. ஆனால் கொழுந்துக்கு உடனே வழி பிறந்தது. பறித்த கொழுந்தை நேரத்தோடு ஸ்டோரில் சேர்க்காவிட்டால் சாக்குக்குள்ளேயே வெந்து சிவந்துவிடும், தேயிலைக்கு ஆகாது. அதற்காகத் தோட்டத்தார் கொழும்பிலிருந்து போட்டையும், ஊர்காவற்றுறையிலிருந்து என்னையும் கொண்டுவந்தார்கள்.

முதல் நாளே கண்டாக்கு அம்பலவாணர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கீழ்ப்பிரிவின் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. அவரும் யாழ்ப்பாணத்தவர்தான்.

"தம்பு, இது கொழுந்துக்கு மட்டும். ஒரு சனத்தையும் ஏத்தக்கூடாது. துரையின்ர ஓடர். ஆள் ஏத்தினால் இன்சூரன்ஸ் இல்லையாம், விளங்குதோ?"

விளங்கியது. தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம். மழை விட்டு, மூட்டமாக இருந்தது. போட்டில் சாக்குகளை ஏற்றி முடித்திருந்தோம். லயத்துப் பக்கமிருந்து ஒரு கூட்டம் இறங்கி ஓடிவந்தது. நான்கு ஆண்கள் ஒரு மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டித் தூக்கிவந்தார்கள். உள்ளே வேலாயி. நிறைமாதக்காரி. விடியற்காலையிலிருந்து வலியாம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி மருத்துவச்சியிடம் கொண்டுபோனால்தான் உண்டு என்று லயத்துப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். மருத்துவச்சி டிஸ்பென்சரியில். டிஸ்பென்சரி மறுகரையில், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தகரக்கூரையோடு நின்றது.

வேலாயியின் புருஷன் மூக்கன் கண்டாக்கின் காலடியில் விழுந்தான். "சாமி, ஓரமா படுக்க வச்சுக்கிறோம் சாமி. கொழுந்துமேல ஒரு கை படாது சாமி."

கூட்டத்திலிருந்து அழகம்மா முன்னே வந்தாள். கொழுந்து பறிப்பவள், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அவள் விழவில்லை. "கண்டாக்கையா, நாலு சாக்க எறக்கி வச்சுட்டு புள்ளத்தாச்சிய ஏத்துங்க. போட்டு திரும்பி வர்றவரைக்கும் சாக்குக்கு நாங்க காவல் இருக்கோம்."

நான் அம்பலவாணரின் காதருகில் சொன்னேன். "ஐயா, ஒருக்கால் ஏத்திக்கொண்டு போவம். ஆர் பாக்கப்போகினம்?"

"அவள் போட்டுக்குள்ள செத்துப்போனால் ஆர் பதில் சொல்லுறது? நீரோ?" என்றார் அவர். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "பாதை இருக்குத்தானே! சுத்திக்கொண்டு போங்கோ. நிண்டு கதைக்கிற நேரத்துக்கு அரைவாசித் தூரம் போயிருக்கலாம்" என்றார்.

நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

அக்கரை சேர்ந்து, சாக்குகளை இறக்கி, அடுத்த நடைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். நடுத்தண்ணீரிலிருந்து பார்த்தபோது, கம்பளியைத் தூக்கிய நால்வரும் முதல் வளைவைக்கூடத் தாண்டவில்லை. சேற்றில் ஒருவன் சறுக்கி விழுந்து எழும்புவது தெரிந்தது. வேலாயியின் சத்தம் தண்ணீர் மேலே வந்தது. அப்போதாவது போட்டை அந்தக் கரைக்குத் திருப்பியிருக்கலாம். இறங்குதுறையில் அம்பலவாணர் குடையோடு நின்றார். நான் நேரே அவரிடம் போனேன்.

டிஸ்பென்சரிக்கு அவர்கள் போய்ச்சேர ஐந்து மணி நேரமானது. வேலாயியைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஆண்பிள்ளை. மறுநாள் காலையில் மூக்கன் அதைத் துணியில் சுற்றி, அதே ஒன்பது மைலையும் நடந்து கொண்டுவந்து, லயத்துக்கு மேலே சவுக்கு மரங்களுக்கடியில் புதைத்தான்.

அன்று பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லாப் பெண்களும் வந்தார்கள். மலைக்குப் போனார்கள், கொழுந்து பறித்தார்கள். அம்பலவாணருக்கு நிம்மதி. மத்தியானம் மடுவத்தில் கொழுந்தை நிறுத்து முடிந்ததும், வழக்கம்போலச் சாக்குகளைத் தலையில் வைத்து இறங்குதுறைக்குக் கொண்டுவந்தார்கள். போட்டில் ஏற்றவில்லை. வரிசையாகக் கீழே வைத்தார்கள். அழகம்மா முதல் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு சாக்கில் உட்கார்ந்தார்கள்.

"என்னடி இது? எழும்புங்கோடி!" அம்பலவாணர் குடையை ஓங்கினார்.

"போட்டுல ஆளு ஏறுனா கொழுந்து ஏறும். ஆளு ஏறக்கூடாதுன்னா கொழுந்தும் எங்ககூட நடந்தே வரட்டும்" என்றாள் அழகம்மா.

"பேரை வெட்டிப்போடுவன்! லயத்தாலயும் வெளிக்கிட வேணும், தெரியுமோ?"

"வெட்டுங்கய்யா. நாப்பத்தெட்டாம் வருசமே கொழும்புல எங்க பேர வெட்டிப்புட்டாங்க. வோட்டும் இல்ல, நாடும் இல்ல. ஆத்த மறிச்சாங்க, எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா? எங்க கூரைக்கு மேலதான் கரண்டு கம்பி கொழும்புக்குப் போகுது. உள்ள பாருங்க, குப்பி லாம்பு. வேலாயி புள்ளயும் போயிருச்சு. இன்னும் வெட்டுறதுக்கு என்னா இருக்கு?"

அம்பலவாணர் என் பக்கம் திரும்பினார். "தம்பு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும். சத்தத்தைக் கேட்டால் இவளவை எழும்புவாளவை."

இங்கேதான் நான் வீரனைப்போல ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. குனிந்து எண்ணெய்க் குழாயை மூடினேன். பிறகு வேர்க்க வேர்க்கக் கைப்பிடியைச் சுற்றினேன். எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

"பழுதாப் போச்சு, ஐயா."

அவர் நம்பினார். அழகம்மா என் கையைப் பார்த்தபடிதான் இருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

இரண்டு மணி. மூன்று மணி. சாக்குகளுக்குள் சூடு ஏறத் தொடங்கியது. அழுகும் பழத்தைப்போல ஒரு வாசம் இறங்குதுறை முழுவதும் பரவியது. கீழே சுட்டபோது பெண்கள் அசைந்து உட்கார்ந்தார்களே தவிர, ஒருத்தியும் எழும்பவில்லை.

போட் வராததைக் கண்டு, ஸ்டோர்க் கரையிலிருந்து தோட்டத்துத் துரையே புறப்பட்டார். அவருக்கும் வேறு வழி இல்லை. பாதித் தூரம் ஜீப், மீதி நடை. ஐந்து மணிக்கு வந்துசேர்ந்தபோது முழங்கால்வரை சேறு. வெள்ளைக் காலுறையில் அட்டை கடித்த இரத்தம். ஒரு சாக்கை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தார். கொழுந்து சிவந்திருந்தது.

"என்னா வேலை இது? எல்லாம் நாசம்!" தோட்டத்துத் தமிழில் கத்தினார்.

அழகம்மா எழுந்து நின்றாள். "தொரை எத்தன மணிக்கு பொறப்பட்டீங்க?"

அவர் மூச்சு வாங்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாதி வழி ஜீப்புல வந்த தொரைக்கே இப்புடி மூச்சு வாங்குதே. வவுத்துல குறுக்க கெடந்த புள்ளயோட வேலாயிய அதே வழியில தூக்கிக்கிட்டுப் போனாங்க தொரை. போட்டு இங்கதான் நின்னுச்சு."

துரை அம்பலவாணரைப் பார்த்தார். அம்பலவாணர் ஏதோ இங்கிலீசில் வேகமாகச் சொன்னார். அதில் 'ஓடர்' என்ற சொல் எனக்கு விளங்கியது. துரை காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். பிறகு போட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். திரும்பி நடக்க அவருக்கு மனமில்லை. நான் குழாயைத் திறந்து, கைப்பிடியை ஒரு தடவை சுற்றினேன். எஞ்சின் கிளம்பியது. அம்பலவாணர் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

மூன்று நாள் பெண்கள் கொழுந்து ஏற்றவில்லை. நான்காம் நாள் இறங்குதுறையில் பலகை ஒன்றை அடித்தார்கள். நோயாளிகள் போட்டில் போகலாம்; ஆனால் டிஸ்பென்சரியிலிருந்து அனுமதித் துண்டு வாங்கிவர வேண்டும். துண்டு வாங்க ஒன்பது மைல் நடக்கவேண்டும் என்பது அதை எழுதியவனுக்குத் தெரியாமலா இருக்கும்? நான் பலகையையும் பார்க்கவில்லை, துண்டும் கேட்கவில்லை. நோயென்று வந்தவர்களை ஏற்றினேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் ஏற்றினேன்.

அழகம்மாவின் பேரையும் அவள் புருஷன் வீரய்யாவின் பேரையும் வெட்டிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் லயத்தைக் காலி செய்யவேண்டும். வட்டவளைப் பக்கம் அவளுடைய அண்ணன் இருந்தான். இரண்டு மூட்டை, ஒரு அம்மிக்கல், மூன்று பிள்ளைகளோடு நடக்கத் தயாரானார்கள். நான்தான் கூப்பிட்டேன்.

"ஏறுங்கோ."

"ஒங்களுக்குத்தாண்ணே கரைச்சல்" என்றான் வீரய்யா.

"பரவாயில்லை, ஏறுங்கோ."

சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் கையைவிட்டுச் சிரித்தன. போட் அக்கரையில் தட்டி நின்றதும், அழகம்மா புறப்பட்ட கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இம்புட்டு நேரந்தானாண்ணே?"

வேலாயியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும், பேரை வெட்டியபோதும் அழாதவள், அங்கே ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வீரய்யா மூட்டைகளை இறக்கிவிட்டு, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான்.

அந்த நடையை அம்பலவாணர் துரைக்கு எழுதி அனுப்பினார். மாதக் கடைசியில் என்னையும் நிறுத்தினார்கள். எனக்கென்ன, நான் இந்த நாட்டுப் பிரஜை, ஊர் இருக்கிறது, கடல் இருக்கிறது. ஹட்டனில் ரயிலேறிப் போய்விட்டேன். பின்னால் வந்த போட்காரன் துண்டு கேட்டானாம். பெண்கள் மறுபடியும் சாக்கின்மேல் உட்கார்ந்தார்களாம். இந்தத் தடவை அரை மணி நேரம்தான், உடனே நோயாளியை ஏற்றிவிட்டார்கள் என்று மூக்கன் யாரையோ கொண்டு எழுதி அனுப்பியிருந்தான். கடிதத்தின் அடியில், சுற்றுப்பாதைக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை என்றும் எழுதியிருந்தது.