பளிங்குக்கல்லிடம் சொன்ன சொல்

வெள்ளைக்காரர் கட்டிய கோயமுத்தூர் தேவாலயம் ஒன்றில், 1994இல், பழைய பெஞ்சுகளுக்கு வார்னிஷ் பூச வந்தவர் தச்சர் சென்னியப்பன். அந்தக் கால வழக்கப்படி பக்க அடைப்பும் சிறு கதவும் வைத்த பெஞ்சு ஒன்றின் மேலே, சுவரில், மறைந்த துரைசானி ஒருத்தியின் பெயர் பொறித்த பளிங்குக்கல் இருந்தது. மாலைதோறும் அதைப் பார்த்து “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டே அவர் புறப்படுவார். அவர் சாத்திய பெஞ்சுக் கதவு காலையில் திறந்து கிடக்கும்.

“வாரேன்னா வருவீங்கன்னுதானுங்க அம்மணி காத்திருக்காங்க,” என்றார் மணியடிக்கும் கோயில்பிள்ளை. “கடைசி நாளு ‘போறேன்’னு சொல்லிப்போடுங்க. இல்லாட்டி உங்களக் கூட்டிக்காம விடமாட்டாங்க.”

வேலை முடிந்தது. சென்னியப்பன் கல்லின் முன் நின்றார். பிறந்தது முதல் எந்த வாசலிலும் அந்த அபசகுனச் சொல்லை அவர் சொன்னதில்லை. பெஞ்சுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளிட்டார்.

“வாரேனுங்க,” என்றார்.

அவர் திரும்பி நடக்க, பின்னால் பெஞ்சுக் கதவின் தாழ்ப்பாள் மெல்ல விலகியது.