நூறு ரூபாய் வெட்டு

காலை பத்தே முக்காலுக்கு அமர்ந்தவள் பிற்பகல் இரண்டரை ஆகியும் எழவில்லை. தண்ணீர்க் குவளை ஏந்தி வரிசை வரிசையாய் நடக்கும் அவைச் சேவகர் மூன்று முறை நீட்டிப் பார்த்தார். மூன்று முறையும் அவள் தலையசைத்து மறுத்தாள். நான்காம் முறை நீட்டாமலே கடந்து போனார். நா வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டட்டும் என்று இருந்தாள். உள்ளே போன தண்ணீர் சற்று நேரத்தில் வெளியேற வழி கேட்கும். வழி கேட்டால் எழ வேண்டும். எழுந்தால் எல்லாம் போயிற்று.

அவையில் எல்லோரும் அவளை நர்ஸம்மா என்றே அழைத்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் நின்றே பிழைத்த உடம்பு அது. சென்ற தேர்தலில் ஆளுங்கட்சி அவளை நிறுத்தியது, வென்றாள். முதல் ஆண்டு முழுதும் கட்சி கைதூக்கச் சொன்னபோது தூக்கினாள், மேசை தட்டச் சொன்னபோது தட்டினாள். இந்த ஆண்டுதான், நிதிநிலை அறிக்கையோடு தந்த தலையணைக் கனத்துப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போய், வேண்டுதல் நேர்ந்தவள்போல் பக்கம் விடாமல் படித்தாள். அவள் கட்சியில் அதுவரை எவரும் செய்யாத காரியம் அது. அந்தப் புத்தகங்களை நாற்காலிக்கு உயரம் சேர்க்கவே பலர் பயன்படுத்தினர்.

அவளுடைய ஊர் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவு அதில் இருந்தது. மூன்று ஆண்டுகளாக இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதுக் கட்டடத்துக்கென்று இந்த அவை பணம் ஒதுக்கியது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அது ஓசையின்றி வேறெங்கோ மாற்றப்பட்டது. செலவை ஆராயும் குழு கேட்டபோது, ‘பணிகள் முன்னேற்றத்தில் உள்ளன’ என்று அமைச்சகம் எழுத்தில் விடை தந்திருந்தது. அந்த முன்னேற்றத்தைக் கண்ணால் காண அவள் போனாள். முள்வேலி கண்டாள், பெயர்ப்பலகை கண்டாள், பலகையின் பின்னே இடுப்பளவு வளர்ந்த புல்லைக் கண்டாள். பழைய கூடத்தில், ஒன்றுக்கென்று செய்த வெப்பப் பெட்டிக்குள் இரண்டு சிசுக்கள் தலைமாற்றிக் கிடந்தன; ஒன்றின் உள்ளங்கால் மற்றதன் கன்னத்தில் பதிந்திருந்தது. அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும். அதன் கதவு சரியாக மூடாது. பஞ்சைச் சுருட்டி இடுக்கில் செருக வேண்டும். அவள் செருகிய பஞ்சுகளுக்குக் கணக்கில்லை.

திரும்பி வந்து வெட்டுத் தீர்மானம் கொடுத்தாள். சுகாதாரத் துறை கேட்கும் பல்லாயிரம் கோடியில் நூறே நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்பது அதன் வாசகம். நூறு ரூபாயால் அரசு ஏழையாகிவிடாது. ஆனால் அதை முன்மொழிந்துவிட்டால், பணம் எங்கே போயிற்று என்று அமைச்சர் எழுந்து, அவைக் குறிப்பில் ஏறும்படி விடை சொல்லியாக வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் கொடுத்தால் அது வாடிக்கை. ஆளுங்கட்சிக்காரியே கொடுத்தது சொந்த வீட்டுக் கூரையில் கொள்ளி வைத்ததுபோல் ஆயிற்று. தப்பிக்க ஆளுங்கட்சிக்கு ஒரே ஒரு விதி இருந்தது: பெயர் அழைக்கப்படும் கணத்தில் முன்மொழிபவர் தம் இருக்கையில் இல்லையெனில் தீர்மானம் அங்கேயே செத்துவிடும். முன்னால் ஓடிக்கொண்டிருந்த வேளாண்துறை விவாதம் எந்தக் கணம் முடியுமோ, அந்தக் கணம் சுகாதாரம் வரும். அது எந்தக் கணம் என்பது எவருக்கும் தெரியாது.

இரண்டே முக்காலுக்குக் கொறடா வந்தார். கட்சி உறுப்பினர்களை மேய்க்கும் பொறுப்பு அவருடையது. அவளுக்கு முன்வரிசையில் ஒற்றைக்கால் மடித்து, அவள் பக்கம் திரும்பி அமர்ந்து, கல்யாண வீட்டுக்காரர்போல் சிரித்தார்.

“என்ன தங்கச்சி, காலையிலேருந்து அசையவே இல்லையாமே. சீட்டுல பசை ஏதும் தடவி வச்சுட்டாங்களா?”

“பசை இல்லண்ணே. நான் எழுந்தா தீர்மானம் படுத்துக்கும். அதான்.”

“அமைச்சர் ரூம்ல டீ போட்டு வச்சிருக்காரு. உன்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணுமாம்.”

“இங்கேயே பேசட்டுமே. மைக் இருக்கு.”

கொறடாவின் சிரிப்பு பல்லளவில் நின்றது. மடித்து வைத்திருந்த தாளை மேசைமேல் விரித்தார். தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகத் தட்டச்சு செய்த கடிதம். கையெழுத்துக்கான கோடு மட்டும் காலியாயிருந்தது.

“அடுத்த தேர்தல்னு ஒண்ணு வரும்மா. யாருக்கு சீட்டுன்னு எழுதுற பேனா எங்கிட்டதான் இருக்கு.”

“அதுவரைக்கும் இந்தச் சீட்டு என்னுதுதானேண்ணே?”

அவர் எழுந்து, அவளுக்கு அடுத்திருந்த உறுப்பினரின் தோளைத் தொட்டார். ஐந்து முறை வென்றும் ஒரு முறைகூட மறுத்துப் பேசாதவர் என்பதால் ஆமாஞ்சாமி என்று பெயர் பெற்ற பெரிய உடம்புக்காரர் அவர். “கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. தங்கச்சி பக்கத்துல உக்காந்து பேசணும்.”

ஆமாஞ்சாமி எழ முயல்பவர்போல் மேசையைப் பற்றினார். பிறகு முகத்தைச் சுளித்தார். “கால் மரத்துப்போச்சு தலைவரே. இடுப்புக்குக் கீழ என்னுதே இல்லாத மாதிரி இருக்கு.”

கொறடா போன பின் அவள் ஆமாஞ்சாமியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், மரத்துப்போனதாகச் சொன்ன காலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றேகாலுக்குத்தான் உண்மையான அடி விழுந்தது. கைப்பேசிகளை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடும் அவை அது. வெளியிலிருந்து செய்தி வருவதென்றால் சீட்டாகத்தான் வரும். சேவகர் தந்த சீட்டைப் பிரித்தாள். ‘உங்கள் மாமியார் குளியலறையில் விழுந்துவிட்டார். கணவர் பார்வையாளர் அறையில் காத்திருக்கிறார். உடனே வரவும்.’ யாரோ ஓர் அலுவலரின் நேர்த்தியான எழுத்து.

காலையில்தான், அவளுடைய பழைய கைப்பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்த கணவரிடம் சொல்லியிருந்தாள்: “வீட்டுல என்ன நடந்தாலும் அஞ்சு மணிக்கு மேல சொல்லுங்க.” அவர் தையற்காரர், வாயில் ஊசி இருந்ததால் தலையை மட்டும் அசைத்தார். அப்படியிருக்க, அவரா வந்திருப்பார்? வந்திருந்தால்? எண்பது வயது எலும்பு விழுந்தால் என்னாகும் என்பதை அவளைவிட அறிந்தவர் அந்த மண்டபத்தில் எவருமில்லை. மருமகளாய் வந்த நாள்முதல் ஒரு சொல் கடிந்திராத மூதாட்டியின் முகம் முன்னே வந்தது. பெட்டிக்குள் கிடந்த சிசுக்களின் முகமும் வந்தது. எந்தத் தராசிலும் வைக்கக் கூடாத இரண்டை ஒரு தராசில் வைத்துத் தன் கையில் கொடுத்தவர்களை எண்ணி அவளுக்கு அழுகை வரவில்லை, சினம் வந்தது. அடிவயிற்றிலிருந்து தெளிந்து எழுந்த சினம். அதைப் பற்றிக்கொண்டு, துன்பம் வரும்போதெல்லாம் பாடும் பாட்டின் முதலடியை உதடசையாமல் பாடினாள். பாடி முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது துலங்கியது.

சீட்டின் பின்புறத்தில் எழுதினாள்: ‘காலையில் என் பை வாரை எதால் தைத்தீர்கள்?’

“இத அவர் கையில குடுங்கய்யா. அவர் கையிலேயே.”

சேவகர் போனார். அவையில் உரப் பற்றாக்குறையைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்ந்தது. அவள் நாற்காலியின் கைப்பிடிகளை, பெருவெள்ளத்தில் மரக்கிளையைப் பற்றியவள்போல் பற்றியிருந்தாள். விடை வராவிட்டால் அது பொய். வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் எண்ணவில்லை, எண்ண அஞ்சினாள்.

விடை வந்தது. சேவகரின் முகத்தில் மாற்றமில்லை. ஆனால் சீட்டை நீட்டிய கை முன்னைவிடப் பணிந்திருந்தது. கணவரின் எழுத்துத்தான். துணியில் சாக்கட்டி இழுத்துப் பழகிய, வலப்பக்கம் சாயும் எழுத்து.

‘தூண்டில் நரம்பு. அம்மா விழவில்லை, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார். என்னைக் கடையிலிருந்து காரில் ஏற்றி வந்து, உன்னை வெளியே கூப்பிடச் சொல்கிறார்கள். நானும் இங்கே ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்காதே.’

அவள் சீட்டை நான்காய் மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். ஆமாஞ்சாமி திரும்பாமலே கேட்டார்: “வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

“ரொம்ப சௌக்கியம்ணே.”

மூன்று ஐம்பதுக்கு உரம் முடிந்தது. அவைத்தலைவர் தாளைப் புரட்டினார். எதிர் வாயிலில் கொறடா யாரிடமோ கையசைத்துக் காதோடு பேசுவது தெரிந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து இருவர் காரணமின்றி எழுந்து கூச்சலிட்டார்கள். அவளுக்கு முன்னிருந்தவர்கள் எழுந்து நின்று அவளை மறைத்தார்கள். அவைத்தலைவரின் குரல் அந்தக் கூச்சலுக்கு மேலே மிதந்து வந்தது. சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை. வெட்டுத் தீர்மானம். அவள் பெயர்.

“உறுப்பினர் இருக்கையில் இருக்கிறாரா?”

“இருக்காங்க தலைவரே.”

மண்டபமே திரும்பிப் பார்த்த அந்தக் கனத்த குரல் ஆமாஞ்சாமியுடையது. ஐந்து தேர்தல்களில் அவர் கட்சிக்கு முதுகு காட்டிப் பேசிய முதல் இரண்டு சொற்கள். அவர் தம் பெரிய உடம்பை இடப்புறம் சரித்து, மறைத்து நின்றவர்களுக்கிடையே ஒரு வழி திறந்தார். பிறகு கை நீட்டி அவளுடைய ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினார்.

அவள் எழுந்தாள். மேசையைப் பற்றி நின்றாள். தோளில் தொங்கிய பையின் வார் இழுபட்டுத் தாங்கியது. அமைச்சர் அன்று முதன்முறையாக நிமிர்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

ஒலிவாங்கியின் கழுத்தில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அவளுக்குப் பின்னே, காலை முதல் அமுங்கிக் கிடந்த இருக்கையின் மெத்தை, மூச்சை உள்ளிழுப்பதுபோல் மெல்ல மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.