வளராத புழு

குளிர்காலத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாட்களில், காங்ஜின் வளைகுடாவின் சொக்போ ஊரே மண்வெட்டியோடு இறங்கிவிடும். மணலில் வளை தோண்டி வாழும் கேபுல் என்ற கரண்டிப்புழுதான் அவர்களுக்கு அந்தப் பருவத்து வரும்படி. நறுக்கி, நல்லெண்ணெயும் உப்பும் தொட்டுப் பச்சையாகவே தின்பார்கள்.

அந்த வருடம் சுண்டுவிரலளவு புழுக்களே அதிகம் அகப்பட்டன. குஞ்சென்றால் திரும்ப விடவேண்டும் என்பது ஊர்க்கட்டுப்பாடு. கடலாய்வு நிலையத்திலிருந்து மிரான் வந்து பார்த்தாள். கேபுலின் பின்புறத்தைச் சுற்றி முள்மயிர் வளையம் இருக்கும். இவற்றில் இல்லை.

"இது வேற இனம். இதுக்கு மேல வளராது" என்றாள். கேபுலே, உடம்பில் கணுக்கள் இல்லாததால் விஞ்ஞானிகள் முன்பு தனிக் கூட்டமாக வைத்து, மரபணுவைப் பார்த்தபின் மண்புழுக் கூட்டத்தோடு சேர்த்த பிராணி. அதில் ஒரு புது இனத்துக்குத் தானே பெயர் வைக்கப்போகும் சந்தோஷம் அவளுக்கு.

"டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க! அள்ளுங்கடி!" என்றாள் ஊர்த்தலைவி மல்சுன்.

அடுத்த குளிரில் மணலில் ஒன்றுமில்லை.

"அக்கரை துசிக் வேலைதான். திருட்டுப்பய, படகுல பம்பு கொண்டாந்து எல்லாத்தையும் உறிஞ்சிட்டான்" என்று ஊர் முடிவு கட்டியது. சந்தையில் அவன் மனைவியிடம் யாரும் மீன் வாங்கவில்லை. அவன் வலையையும் யாரோ அறுத்துப்போட்டார்கள்.

மிரானுக்கு அதற்கு முன்பே உண்மை தெரியும். தொட்டியில் அவள் வளர்த்தவை பெருத்து, முள்மயிர் முளைத்திருந்தன. இளசில் அது தோலுக்கடியில் இருக்கிறது. ஒன்றையாவது அறுத்துப் பார்த்திருக்கலாம். ஆனாலும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வலை அறுபட்ட செய்திதான் அவளைச் சொக்போவுக்கு இழுத்து வந்தது.

ஊர்க்கூடத்தில் பெண்கள் கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோசு உப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"துசிக் எடுக்கல. அது கேபுல் குஞ்சுதான். நான்தான் தப்பாச் சொன்னேன்."

மல்சுன் நிமிர்ந்தாள். "எப்பத் தெரிஞ்சுது?"

"இலை உதிர்றப்பவே."

"அப்ப அவன் பொண்டாட்டிய நாங்க காறித் துப்புனதெல்லாம் பாத்துக்கிட்டுதான் இருந்தியா?"

மிரான் அழுதாள்.

"எங்கிட்ட எதுக்கு அழுவுற? எந்திரி. படகுல ஏறு."

அக்கரையில் துசிக்கின் மனைவி முன் மல்சுன் மண்டியிட்டு வணங்கினாள். மிரானும் வணங்கினாள். "மன்னிச்சிருங்க" என்றாள்.

"இவங்க ஆத்திரத்துல பேசுனாங்க. நீங்க தெரிஞ்சே பேசாம இருந்தீங்க" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான்.

புது இனம் என்று எழுதி அனுப்பியிருந்த ஆய்வுக் கட்டுரையை மிரான் திரும்பப் பெற்றாள். ஊரார் புது வலை வாங்கிக் கொடுத்தார்கள். குஞ்சு பெருகட்டும் என்று தங்கள் கடலில் யாரும் தோண்டக்கூடாதென்றும் தடை போட்டார்கள். துசிக்கின் மனைவி இப்போது சொக்போ பெண்களோடு பேரம் பேசுகிறாள், சிரிக்கிறாள். மிரான் போய் நின்றால் மட்டும் கூடையை மூடிவிடுகிறாள். மிரானும் சந்தைக்குப் போவதை நிறுத்தவில்லை.