பொறுப்பாளர் பெயர்

"அம்மா, நான் பேசுறது உனக்குக் கேக்குதா?"

தனிமை வார்டின் தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மகள் கேட்டது, உதட்டசைவில்தான் தெரிந்தது. கைப்பேசி பிடிக்கவும் குழந்தைக்குத் தெம்பில்லை. அதே மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த தாய், பொய்யாகத் தலையாட்டினாள்.

அன்று உடன் வந்திருந்த அலுவலகப் பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். நிதானக்காரர், எல்லோருக்கும் அவர் மெதுவண்ணன். அந்த வாரம் மட்டும் அவர் மெதுவாக இல்லை. கட்டில் தலைமாட்டில் இருந்த, நர்ஸைக் கூப்பிடும் பெட்டியையும் கண்ணாடிக்கு வெளியே ஒரு திரையையும் இணைத்து, குரலைக் கொண்டுசேர்க்கும் சின்ன ஆப் ஒன்றை எழுதி ஓடவிட்டார். கடைசியாகக் கண்மூடும்வரை மகள் அம்மாவிடம் கதை கேட்டாள்.

அண்ணனுக்கு நன்றி சொல்லத் தாய்க்கு வாய் வரவில்லை. அழாமல் சொல்ல முடிகிற நாளுக்காகக் காத்திருந்தாள். அதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது புதிதாக மத்திய நிர்வாகக் கன்சோல் வந்திருக்கிறது. நெட்வொர்க்கில் ஓடும் ஒவ்வொரு ஆப்பையும் அதில் பதிய வேண்டும். பதியாததை இன்று மாலை அதுவே நிறுத்திவிடும். ஆப்பின் பெயரும் சர்வர் முகவரியும் கொடுத்தாள். சிவப்பாக வந்தது: பொறுப்பாளர் இல்லை. அண்ணன் அதைத் தன் லாகினிலேயே ஓடவிட்டிருந்தார். இறந்தவரின் லாகினை இன்று காலையில்தான் மூடியிருந்தார்கள்; அதோடு ஆப்பும் நின்றுபோயிருந்தது.

"விட்டுடும்மா," என்றார் மேலாளர். "உன் பேரக் குடுத்தா, அது எப்பப் படுத்தாலும் உனக்குத்தான் போன் வரும். உன் போன் என்னைக்கு வாயத் தொறந்திருக்கு? அடுத்தவங்க பெத்த பிள்ளைக்கு நீ எதுக்குத் தாலாட்டணும்?"

"வார்டுல ஒரு பெரியவர் இருக்காரு சார். வீட்டம்மா தெனம் சாயங்காலம் வந்து அவர்கிட்ட பேசுறாங்க."

"கல்யாணம் ஆனதுலேருந்து பேசினது பத்தலையாமா?" சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வேணாம்னு சொல்லலம்மா. ஆனா மேல அந்த வார்டுக்குப் போய், ஆப்புல பேசிச் சோதிச்சுப் பாத்தாத்தான் பதிவு முடியும். உன்னால முடியுமா?"

மகள் போன பிறகு அந்த மாடிக்கு அவள் ஏறியதே இல்லை. ஆப்பைத் தன் லாகினுக்கு மாற்றினாள். கடவுளை நினைத்துக்கொண்டு படியேறினாள்.

அதே கண்ணாடி. முன்னால் அந்த வீட்டம்மா தவித்துக்கொண்டிருந்தார். "பொட்டி பேச மாட்டேங்குதும்மா. அவரு கைய ஆட்டுறாரு. கோவமா, கூப்பிடுறாரா, ஒண்ணும் புரியல."

"ஒரு நிமிஷம்மா." திரையைத் தட்டிவிட்டுக் குனிந்தாள். என்ன பேசுவதென்று யோசிக்கவில்லை, அதுவாக வந்தது. "நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

பெரியவரின் குரல் திரையிலிருந்து வந்தது. "நல்லாக் கேக்குது தாயி. ஆனா இது எங்க வீட்டுக் கொரல் இல்லையே! திட்டவே காணோம்."

வீட்டம்மா அழுதுகொண்டே சிரித்தார். "வந்துட்டேன், இருங்க. ஒரு நிமிஷம் வாய் சும்மா இருக்குதா பாரும்மா."

அவர்களைப் பேசவிட்டு அவள் இறங்கி வந்தாள். அறையில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கன்சோலில் கடைசிக் கேள்வி ஒன்று மட்டும் காத்திருந்தது: பொறுப்பை ஏற்கிறீர்களா?

ஏற்றாள். சிவப்பு வரி பச்சையானது.

பிறகு, மகள் போன நாளிலிருந்து ஒலியை அணைத்தே வைத்திருந்த தன் கைப்பேசியை எடுத்தாள். அழைப்பு மணியை முழுச் சத்தத்துக்கு உயர்த்தி, அண்ணனின் காலி மேசையில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு விளக்கை அணைத்தாள்.